சிவப்பு நூல் வரை தண்ணீர்

"உயிர் இருக்கிற வரைக்கும் என் டீயில ரெண்டு ஸ்பூன் சர்க்கரை இருக்கும். அது என் உரிமை. எவனுக்கும் பயப்பட மாட்டேன்!"

ரசாயன வாத்தியார் இப்படிச் சூளுரைத்தது குளியலறைக் கண்ணாடியிடம். வெளியே வந்தபோது, அவர் மனைவி சர்க்கரை டப்பாவைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

"ரத்தத்துல சர்க்கரை இறங்கலைன்னா மாத்திரைதான்னு டாக்டர் சொன்னாரா இல்லையா?"

"அவன் என்கிட்ட படிச்ச பையன். கெமிஸ்ட்ரியில தட்டுத்தடுமாறி பாஸானவன்!"

"உங்ககிட்ட படிச்சா வேற எப்படி ஆவான்?"

சாவி அவள் இடுப்பில் ஏறியது. வாத்தியாருக்கு ரத்தம் கொதித்தது.

விருந்தாளி வந்தால்? அதற்கும் அவள் வழி வைத்திருந்தாள். நானூறு கிராம் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து, சரியாக ஒரு லிட்டராக்கி, கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றினாள். கரைசல் நின்ற மட்டத்தில் ஒரு சிவப்பு நூலைச் சுற்றிக் கட்டினாள்.

"இது வர்றவங்களுக்கு. நூலுக்குக் கீழ ஒரு சொட்டு இறங்கினாலும் எனக்குத் தெரிஞ்சுடும்."

வாத்தியார் உள்ளுக்குள் சிரித்தார். ஆயுசு முழுக்கக் கரைசல்களோடு குடித்தனம் நடத்துகிறவனிடமா நூல் கட்டிக் காட்டுகிறாள்?

மறுநாளே பள்ளி ஆய்வுக்கூடத்து ஐம்பது மில்லி பிப்பெட் ஒன்று அவருடைய சாப்பாட்டுப் பையில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டது. சர்க்கரையில்லாத டீயை மேஜைமேல் வைத்துவிட்டு அவள் செடிகளுக்குத் தண்ணீர் விடப் போனதும், அந்தக் கண்ணாடிக் குழாயைப் பாட்டிலுக்குள் விட்டு உறிஞ்சினார். ஐம்பது மில்லி டீக்குள் போனது. உறிஞ்சும்போது வாய்க்குள் போனதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. பிறகு பாட்டிலில் குழாய்த் தண்ணீர். முழங்காலை மடக்கி, ஒரு கண்ணை மூடி, நீர்மட்டத்தின் அடிவளைவு நூலைத் தொடும்வரை சொட்டுச் சொட்டாக விட்டார். ஒரு சொட்டு கூடிப்போனால் அவருக்குச் சோறு இறங்காது.

"கசக்குதா?" என்று அவள் வாசலிலிருந்து கேட்பாள்.

"விஷம்!" என்பார், சப்புக்கொட்டிக்கொண்டே.

காலையும் மாலையும் இது நடந்தது. ஒரு மாதம் ஓடிவிட்டது. நல்லவேளையாக விருந்தாளி என்று ஒரு ஈ காக்கை வரவில்லை. தன் சாமர்த்தியத்தை யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியவில்லையே என்பது ஒன்றுதான் அவருக்குக் குறை.

அன்று வகுப்பில் கரைசலின் செறிவு. உதாரணம் தேட வேண்டியிருக்கவில்லை, நாக்கிலேயே இருந்தது.

"ஒரு லிட்டர் கரைசல்ல நானூறு கிராம் சர்க்கரை. ஐம்பது மில்லி எடுக்கிறோம். இருபது கிராம் போச்சு. அந்த இடத்துல தண்ணி ஊத்தறோம். மட்டம் அதேதான். செறிவு?"

"லிட்டருக்கு முந்நூத்தி எண்பது கிராம் சார்!"

"சபாஷ். இதையே தினம் ரெண்டு வேளை செஞ்சா?"

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஒரு மாசத்துல கிட்டத்தட்ட வெறுந்தண்ணிதான் சார் மிஞ்சும். எந்த முட்டாள் சார் அப்படிச் செய்வான்?"

சாக்பீஸ் கீழே விழுந்தது.

அந்த வேகத்தில் வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என்னை ஏமாத்திட்ட! இத்தனை நாளா வெறுந்தண்ணிய ஊத்திக் குடிச்சிருக்கேன்!"

"யாரு ஊத்தினது?"

"நான்தான். ஆனா நூல் கட்டினது நீ!"

"கட்டாம? ஒரு கோடு கண்ணுல பட்டா அதுவரைக்கும் நிரப்பாம உங்களால இருக்க முடியுமா? கல்யாணமான புதுசுல எனக்குப் பால் ஊத்திக் குடுத்தப்பகூட டம்ளர் முன்னாடி மண்டி போட்டுத்தானே ஊத்தினீங்க?"

வாத்தியார் அப்போதுதான் செருப்பைக் கழற்றினார்.

"நேத்து ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வந்துச்சு. நல்லா இறங்கியிருக்காம்."

"இறங்கட்டும்! நான் இறங்க மாட்டேன்! இப்பவே, இந்த நிமிஷமே, ரெண்டு ஸ்பூன். நிஜச் சர்க்கரை. பழையபடி!"

அவள் மறுபேச்சு பேசவில்லை. அப்போதே அவர் சுதாரித்திருக்க வேண்டும். பீரோவைத் திறந்தாள். டீயில் ரெண்டு ஸ்பூன் போட்டுக் கலக்கினாள். டம்ளரையும் பக்கத்தில் பீரோச் சாவியையும் வைத்தாள்.

"முழுசாக் குடிச்சிடுங்க. சாவி உங்களுக்கு. அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன்."

வெற்றி! வாத்தியார் நெஞ்சை நிமிர்த்தி ஒரு வாய் குடித்தார். தித்திப்பு தொண்டையைக் கவ்வியது. குமட்டியது. சாவியைப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு வாய் குடித்தார். கண்ணில் நீர் முட்டியது. ஒரு விரலால் சாவியை மெல்ல அவள் பக்கமே தள்ளினார்.

"கொஞ்சம்..."

"கொஞ்சம் என்ன?"

"தண்ணி ஊத்தேன்."