லேபிள் மாறினால் ருசி மாறியதாகக் கருதப்படும்

பீர் என்பது நாக்கால் ருசிக்கப்படும் பானம் என்று படித்தவர்கள் மத்தியில்கூட ஒரு தவறான எண்ணம் இருந்து வருகிறது. அதை முதலில் திருத்திவிட்டுத்தான் கதைக்குள் போக வேண்டும். பீரை நாம் கண்ணால் குடிக்கிறோம், கட்டைவிரலால் குடிக்கிறோம். வாய் என்பது கடைசியில் போய்ச் சேருகிற குழாய், அவ்வளவுதான். இந்தப் பேருண்மையைக் கண்டுபிடித்தவர் ஒரு சின்ன பீர் ஆலையில் லேபிள் வரைந்துகொண்டிருந்த ஓவியர். கண்டுபிடித்ததோடு மனிதர் சும்மா இருந்திருந்தால் குடும்பத்தில் குழப்பமே வந்திருக்காது.

அதே ஆலையில் பீர் காய்ச்சியவர் ஓவியருடைய மனைவியின் அண்ணன். எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பார்லியை ஊறவைப்பதிலிருந்து தொட்டியில் நுரை அடங்குகிறவரை, காய்ச்சல்காரக் குழந்தை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற தகப்பன் மாதிரி கூடவே இருப்பார். பீர் அருமையாக வரும். யாரும் வாங்க மாட்டார்கள்.

காரணம் லேபிளில் இருந்த சிங்கம். ஓவியர் வேலைக்கு வருவதற்கு முன் எந்தப் புண்ணியவான் வரைந்ததோ, ஜலதோஷம் பிடித்த பூனை மாதிரி இருக்கும். மஞ்சள் தாள், ஈரம் பட்டால் ஓரம் சுருண்டுகொள்ளும். கடைக்கு வருகிறவர்கள் பாட்டிலைக் கையில் எடுப்பார்கள், அந்த முகத்தைப் பார்ப்பார்கள், ஐயோ பாவம் என்று திருப்பி வைத்துவிட்டு வேறு பாட்டிலை எடுத்துக்கொண்டு போவார்கள். ஆலை ஈ ஓட்டிக்கொண்டிருந்தது.

முதலாளி ஓவியரைக் கூப்பிட்டு, "ஏதாவது பண்ணுய்யா" என்றார். ஓவியர் பண்ணினார். கறுப்பில் சொரசொரப்பான கெட்டித் தாள், அதில் கொஞ்சம் மேடாக எழும்பி நிற்கிற ஒரு வெள்ளி மான், கழுத்தில் மினுமினுக்கும் தகடு, அடிப்பாகம் கனத்த பாட்டில். வாங்க வருகிறவர்கள் மானின் கொம்பைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவுவார்கள். தடவிய கை பாட்டிலைக் கீழே வைக்காது. உள்ளே இருந்தது அதே மாஸ்டர், அதே தொட்டி, அதே பீர்.

சரக்கு சக்கைப்போடு போட்டது. "இப்பத்தான் இவங்க பீர் காய்ச்சவே கத்துக்கிட்டிருக்காங்க" என்று கடைக்குக் கடை பேசிக்கொண்டார்கள். மாஸ்டர் காதில் அது விழுந்தபோது அவர் தொட்டி மூடியை டமாரென்று சாத்தினார். ஓவியரோ தலைகால் புரியாமல் நடந்தார். வீட்டில் மனைவியிடம், "ஜனங்க ஏமாளிங்க. தாளைக் குடிக்கிறாங்க. நம்மகிட்ட அதெல்லாம் நடக்காது" என்றார். சொல்லிவிட்டு மான் பாட்டிலாகப் பார்த்துத்தான் திறந்தார். ஆலையில் மீந்துபோன சிங்க பாட்டில்கள் இலவசமாகக் கிடைத்தும் தொடவில்லை. அது ஏன் என்று அவர் யோசிக்கவும் இல்லை.

ஊர் பாராட்டினால் அலுவலகம் சும்மா இருக்குமா? குடிவகைத் தரம் மற்றும் மேலுறை மேற்பார்வை ஆணையகத்திலிருந்து ஆலைக்கு ஓர் ஓலை வந்தது. "தங்கள் பீர் முன்பைவிட நன்றாக இருப்பதாகப் பொதுமக்களிடமிருந்து பாராட்டுகள் தொடர்ந்து பெறப்பட்டு வருவது இவ்வாணையகத்தால் கவலையுடன் கவனிக்கப்பட்டுள்ளது. முன் அனுமதியின்றி ருசியை உயர்த்திய குற்றத்துக்காகக் காய்ச்சுபவரின் உரிமத்தை ஏன் ரத்து செய்யக் கூடாது என்பதற்கு நேரில் வந்து விளக்கமளிக்கவும்."

உரிமம் போனால் மாஸ்டர் எந்த ஆலையிலும் தொட்டிப் பக்கம் போக முடியாது. அவருக்கு வேறு தொழிலும் தெரியாது.

"பயப்படாதீங்க மச்சான்" என்றார் ஓவியர். "நான் வந்து சாட்சி சொல்றேன். மாத்தினது லேபிளை மட்டும்தான், உள்ள இருக்கறது ஒண்ணேதான்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சது."

"உங்களைத்தான் மாப்ளே நம்பியிருக்கேன்" என்றார் மாஸ்டர்.

விசாரணை நாளில் ஒரு நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஆணையர், வலது பக்கம் துணை ஆணையர், இடது பக்கம் ருசி வல்லுநர். ருசி வல்லுநர் போன மாதம்தான் தெருவிளக்குப் பிரிவிலிருந்து மாற்றலாகி வந்திருந்தார். மேஜைமேல் சிங்கம் ஒட்டிய பாட்டில் ஒன்று, மான் ஒட்டிய பாட்டில் ஒன்று. இரண்டையும் அன்று காலை ஆணையகத்து ஆளின் கண்ணெதிரே ஒரே குழாயில் பிடித்து நிரப்பியிருந்தார் மாஸ்டர்.

மூவரும் சிங்கத்தைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்கள். மானைக் குடித்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையசைத்தார்கள்.

"ருசி உயர்ந்திருப்பது ஐயமின்றி நிரூபணமாகிறது" என்றார் ஆணையர்.

"ரெண்டும் ஒரே குழாய் சார்" என்றார் மாஸ்டர். "உங்க ஆளே பக்கத்துல நின்னு பார்த்தாரே."

"அவர் பார்த்தார், குடிக்கவில்லை. ருசியைப் பற்றிப் பார்த்தவர் எப்படிச் சொல்ல முடியும்?"

"அப்ப லேபிளைக் கிழிச்சுட்டுக் குடிச்சுப் பாருங்க சார்."

துணை ஆணையர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "லேபிள் இல்லாத பாட்டிலில் இருப்பது சட்டப்படி பீர் ஆகாது, பெயரற்ற திரவம். பெயரற்ற திரவத்தை அலுவலர்கள் பணிநேரத்தில் அருந்தக் கூடாது. லேபிளோடு அருந்தினால் அது பணி. லேபிள் இல்லாமல் அருந்தினால் குடி."

மாஸ்டர் திரும்பி ஓவியரைப் பார்த்தார். ஓவியர் எழுந்து நின்று, மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொல்ல வாயைத் திறந்தார்.

"குடித்துவிட்டுச் சொல்லுங்கள்" என்றார் ஆணையர்.

ஓவியர் சிங்கத்தைக் குடித்தார். நனைந்த அட்டைப்பெட்டி வாசம் அடித்தது. மானைக் குடித்தார். தொண்டையில் அது பாட்டுக்கு இறங்கியது. இரண்டிலும் இருப்பது ஒன்றுதான் என்று அவருக்குத் தெரியும், ஆனால் அது அவருடைய நாக்குக்குத் தெரியவில்லை. இருந்தாலும் மச்சானின் முகத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு, "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்று சொல்லிவிட்டார்.

இதோடு விட்டிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஆணையர் பேனாவை எடுத்தார்.

"நல்லது. அப்படியானால், ஓவியர் வரைந்த புதிய லேபிளால் எந்தப் பயனும் இல்லை, பழைய லேபிளும் அதுவும் ஒன்றே என்று எழுதிக்கொள்கிறேன்."

"ஒரு நிமிஷம் சார்" என்றார் ஓவியர்.

"என்ன?"

"ரெண்டு லேபிளும் ஒண்ணுன்னு எப்படி எழுதுவீங்க? அந்தப் பூனையும் இந்த மானும் ஒண்ணா?"

"வித்தியாசம் இருக்கிறது என்கிறீர்களா?"

"ஏணி வச்சாலும் எட்டாது சார்."

"அந்த வித்தியாசம் குடிக்கிறவருக்குத் தெரியுமா, தெரியாதா?"

ஓவியர் மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினார். ஓவியர் மானைப் பார்த்தார். அந்தக் கொம்பின் வளைவு சரியாக வருவதற்கு அவர் ராத்தூக்கம் கெட்டிருந்தார். அச்சகத்துக்காரனோடு அடிதடி வரைக்கும் போயிருந்தார். வாழ்க்கையில் அவர் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அது.

"தெரியும் சார்" என்றார் ஓவியர். "நல்லாவே தெரியும்."

மாஸ்டர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஆணையகத்தின் தீர்ப்பைக் குறை சொல்ல முடியாது. படிப்படியாகத்தான் போனார்கள். பீரின் ருசி உயர்ந்திருக்கிறது. மாஸ்டர் எதையும் மாற்றவில்லை, ஆகவே அவர் குற்றமற்றவர். ஓவியர்தான் மாற்றியிருக்கிறார், ஆகவே ருசியை உண்டாக்குபவர் ஓவியர். ருசியை உண்டாக்குபவருக்குக் காய்ச்சுபவர் என்று பெயர். உரிமம் இல்லாமல் காய்ச்சுவது சிறைக்குரிய குற்றம். அவர் சிறைக்குப் போகாமலிருக்கும் பொருட்டு, கருணை அடிப்படையில், உரிமம் அவருக்கே வழங்கப்படுகிறது. ஓர் ஆலையில் இரண்டு காய்ச்சுபவர்கள் இருக்க விதியில் இடமில்லாததால் மாஸ்டர் தொட்டி அறைக்குள் நுழையக் கூடாது. லேபிள் ஒட்டும் இடம் காலியாக இருப்பதால் அவர் அதில் அமர்த்தப்படுகிறார்.

வீட்டில் ஓவியருக்குச் சாப்பாட்டுத் தட்டு மேஜைமேல் டங்கென்று வைக்கப்பட்டது.

"என் அண்ணன் வயித்துல அடிச்சிட்டு வந்து எப்படித்தான் உங்களுக்குப் பசிக்குதோ" என்றாள் மனைவி.

"நான் உண்மையைத்தான் சொன்னேன்."

"அவனுக்காகப் பேசப் போனீங்களா, அந்த மானுக்காகப் பேசப் போனீங்களா?"

ஓவியருக்குச் சோறு இறங்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். மச்சானை நினைத்தால் அவருக்கு மனசு அறுத்தது.

மறுநாள் அவர் தொட்டி அறைக்குள் நுழைந்தார். தூரிகை பிடித்த கை தொட்டியைக் கிளறும் துடுப்பைப் பிடித்தது. எதை எப்போது போடுவது, எப்போது மூடுவது, எப்போது திறப்பது ஒன்றும் தெரியவில்லை. கதவு இடுக்கில் நின்று மாஸ்டரிடம் கேட்கலாம் என்று பார்த்தால், நடைபாதையில் ஆணையகம் ஓர் ஆளை நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தது. தொட்டி மூன்று நாளில் புளித்தது, ஒரு வாரத்தில் நாறியது. மழையில் நனைந்த காலுறை வாசம். ஓவியர் ஒரு வாய் குடித்துவிட்டு வாசலுக்கு ஓடினார்.

கொப்பளித்துவிட்டு நிமிர்ந்தபோது அவருக்கு ஒரே சந்தோஷம். இதை எவன் குடிப்பான்? ஜனங்கள் துப்புவார்கள், புகார் பறக்கும், உரிமம் ரத்தாகும், மச்சான் திரும்பவும் தொட்டிக்கு வந்துவிடுவார். அவருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். அதற்கு அவர் செய்ய வேண்டியதெல்லாம் லேபிளை ஏனோதானோ என்று விட்டுவிடுவது.

அதுதான் அவரால் முடியவில்லை. முதலாளி, "லேபிள் எங்கய்யா?" என்று கேட்டதும் கை தன்னால் பென்சிலை எடுத்தது. அடர்ந்த பச்சை. ஓரத்தைக் கையால் கிழித்த மாதிரி ஒரு தாள். கழுத்தில் சணல் முடிச்சு. படம் கிடையாது, அடியில் பொடி எழுத்தில் ஒரே வரி: "பழகிய நாவுக்கு மட்டும்." வரைந்து முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். ஐயோ, நன்றாக வந்துவிட்டதே என்று வயிற்றெரிச்சலாக இருந்தது.

யாரும் துப்பவில்லை. பழகாத நாக்கு என்று பெயர் வாங்க யார் துணிவார்கள்? முதல் வாய்க்குக் கண்ணை மூடிக்கொண்டார்கள், இரண்டாவது வாய்க்கு, "இதுல ஒரு ஆழம் இருக்கு" என்றார்கள். பிடிக்கவில்லை என்றவர்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். காலியான பாட்டிலில் செடி வைத்து வரவேற்பறையில் நிறுத்தினார்கள். ஆணையகம் முதல்தரச் சான்றிதழ் வழங்கியது. அதில் ருசி வல்லுநர் தன் கைப்பட, "தெருவிளக்கின் வெளிச்சத்தை நினைவூட்டும் ருசி" என்று எழுதியிருந்தார்.

ஓவியர் விதிப் புத்தகத்தில் தேடிப் பிடித்து இன்னொரு வழி கண்டுபிடித்தார். முன்னாள் காய்ச்சுபவர் ஒருவர் சரக்கைக் குடித்துப் பார்த்து, இது குடிக்கத் தகுந்ததல்ல என்று சொன்னால் உரிமத்தை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று விதி இருந்தது. ஊரில் மிச்சமிருந்த ஒரே உண்மையான நாக்கு மாஸ்டருடையது. ஓவியர் ஒரு பச்சை பாட்டிலை எடுத்துக்கொண்டு லேபிள் அறைக்கு ஓடினார். மாஸ்டர் விரலெல்லாம் பசையாக உட்கார்ந்திருந்தார்.

"மச்சான், நான் பண்ணினது துரோகம். என்னை நாலு அறை அறைஞ்சுக்கங்க. ஆனா இதை ஒரு வாய் குடிச்சுத் துப்பிடுங்க. இது நாத்தம்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நாளைக்கே நீங்க தொட்டிகிட்ட நிக்கலாம்."

மாஸ்டர் பசை விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு பாட்டிலை வாங்கினார். சணல் முடிச்சை அவிழ்த்தார். ஒரு வாய் குடித்தார். ஓவியர் அவர் துப்புவதற்குத் தோதாக வாளியை நகர்த்தி வைத்தார்.

மாஸ்டர் விழுங்கினார். பாட்டிலைத் தூரப் பிடித்துப் பார்த்தார். இன்னொரு வாய் குடித்தார்.

"மாப்ளே" என்றார். "இத்தனை வருஷம் நானும் காய்ச்சினேன். எனக்கு இது வரவே இல்லையே."

"மச்சான், இது கெட்டுப்போன சரக்கு. மூடி வைக்க மறந்துட்டேன். சத்தியமாச் சொல்றேன். கொடுங்க, டம்ளர்ல ஊத்தித் தர்றேன், அதுல குடிச்சுப் பாருங்க."

மாஸ்டர் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டார். "இந்த மாதிரிச் சரக்கை டம்ளர்ல ஊத்திக் கெடுக்கறதா? போங்க மாப்ளே, தொட்டியைப் போய்ப் பாருங்க. இதைக் காய்ச்சின ஆளை விலக்கிட்டு நான் போய் அங்க நின்னா அது பாவம்." சொல்லிவிட்டுப் பசைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு அடுத்த லேபிளை எடுத்தார்.

ஓவியருக்கு அழுகை வந்துவிட்டது. சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு நிஜமாகவே அழுதார். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், மச்சான் கையில் அந்த லேபிள் இருந்தது. பச்சையை இன்னும் ஒரு சாயல் அடர்த்தியாக்கியிருக்கலாமோ என்று ஓவியருக்குத் தோன்றியது.