கதிரை உயரத்தில் ஒரு தாங்கி

தண்ணீரின் அமுக்கம் அகலத்தைப் பொறுத்ததா, உயரத்தைப் பொறுத்ததா என்ற கேள்வியை உலகத்து விஞ்ஞானிகள் அவசரப்பட்டுத் தீர்த்துவிட்டார்கள். அதை மீண்டும் எடுத்து, பக்கச்சார்பின்றி விசாரித்த பெருமை, ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்தோராம் ஆண்டில், செட்டிகுளத்துக்கு அப்பால் இருந்த ஒரு குடியேற்றத் திட்டத்தின் 'நீர் வழங்கல் உபகுழு'வையே சாரும்.

திட்டத்துப் பிள்ளைப்பேற்று விடுதி மாரி வெள்ளத்துக்குப் பயந்து மேட்டில் கட்டப்பட்டிருந்தது. கிணறு பள்ளத்தில். ஒரு பிரசவத்துக்குப் பன்னிரண்டு வாளி தண்ணீர் சுமந்தாள் மருத்துவிச்சி இராசமலர். ஒவ்வொரு தடவையும் வலியில் துடிக்கிற தாயைத் தனியே விட்டுவிட்டுத்தான் கிணற்றுக்கு ஓடினாள். ஆகவே அறைக்குள் ஒரு குழாய் கேட்டாள். உபகுழு பெருந்தன்மையோடு ஒரு தண்ணீர்த் தாங்கியே கட்டியது.

வரைபடத்தில் அந்தத் தாங்கிக்கு முப்பதடிக் கால்கள் இருந்தன. ஆனால் திறந்துவைக்க வரும் பெரியவருக்கு முழங்கால் வாதம்; ஏணி ஏறமாட்டார். மனிதாபிமானம் மிக்க உபகுழு கால்களைத் தவிர்த்து, தாங்கியைத் தெருவோரத்தில் கதிரை உயரத்தில் இருத்தியது. பெரியவர் நின்றபடியே நாடா வெட்டினார். அவர் பேரைக் கல்லில் பொறித்தாயிற்று. மேட்டில் இராசமலர் குழாயைத் திறந்தாள். குழாய் ஒரு பெருமூச்சு விட்டது.

"காத்துத்தான் வருது ஐயா," என்றாள் குழுத் தலைவர் சிற்றம்பலத்திடம்.

ஓய்வுபெற்ற தபாலதிபரான சிற்றம்பலம் கண்ணை மூடி யோசித்தார். "அமுக்கம் காணாது பிள்ளை. தண்ணியைக் கூட்டினால் அமுக்கம் கூடும். தாங்கியை இரண்டு மடங்கு அகலமாக்குவம்."

ஆக்கினார்கள். குழாய் இரண்டு மடங்கு நீளமாகப் பெருமூச்சு விட்டது.

அடுத்த கூட்டத்துக்கு இராசமலர், குடல் கழுவும் எனிமாப் பேணியோடு வந்தாள். உறுப்பினர்கள் கதிரைகளில் இறுக்கமாக உட்கார்ந்துகொண்டார்கள்.

"ஒருத்தரும் பயப்பிடவேண்டாம்," என்றாள். தண்ணீர் நிறைந்த பேணியை நிலத்தில் வைத்து, அதன் றப்பர்க் குழாயை மேசையில் பிடித்தாள். ஒரு சொட்டும் இல்லை. பேணியைக் கூரை வளையில் தொங்கவிட்டாள். தண்ணீர் சீறிக்கொண்டு போய்க் கூட்டக் குறிப்புப் புத்தகத்தை நனைத்தது.

"அதே பேணி, அதே தண்ணி. அகலம் இல்லை ஐயா, உயரம்."

உபகுழு நெகிழ்ந்துபோயிற்று. "நல்லா விளங்கிப்போச்சு," என்றார் சிற்றம்பலம். "தாங்கி உயரவேணும், இல்லாட்டில் குழாய் பதியவேணும். தாங்கியை இடிச்சு உயர்த்தேலாது. கல்லிலை பெரியவரின்ரை பேர் கிடக்கு."

"அப்ப?"

"கிடங்கு வெட்டுவம்."

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். தண்ணீர் என்றாலே மண்வெட்டியைத் தூக்கிப் பழகியவர்கள். விடுதி வாசலில் மூன்றே நாளில் எட்டடிக் கிடங்கு. அதன் அடியில் குழாய். திறந்ததும் தண்ணீர் பாய்ந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். பெரியவருக்கு ஒரு நன்றித் தீர்மானமும் நிறைவேறியது.

அடுத்த கிழமை பத்மாசனிக்கு வலி கண்டது. தலைப்பிள்ளை. அறையில் இருந்த தண்ணீர் முடிய, இராசமலர் வாளியோடு கிடங்குக்குள் இறங்கினாள். நிரப்பிக்கொண்டு ஈரப்படிகளில் வழுக்கி வழுக்கி ஏறி வருவதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது. பிடிக்க ஆளில்லாமல், பத்மாசனி தானே அதை எடுத்து நெஞ்சோடு அணைத்தபடி நடுங்கிக்கொண்டிருந்தாள். பிள்ளை வீரிட்டு அழுத பிறகுதான் இராசமலருக்கு உயிர் வந்தது. பிறகு அவளும் அழுதாள்.

கடமை தவறாத உபகுழு சும்மா இருக்கவில்லை. 'பிரசவ வேளையில் மருத்துவிச்சி தமது இடத்தில் இல்லாமைக்கு எழுத்துமூலம் விளக்கம் தருக' என்று கடிதம் வந்தது.

இராசமலர் அதன் அடியிலேயே எழுதித் திருப்பி அனுப்பினாள்: 'ஐயா, தண்ணீர் என் இடத்துக்கு வராதபடியால் நான் தண்ணீரின் இடத்துக்குப் போயிருந்தேன். உபகுழுவின் தீர்மானம் பிள்ளைக்கு அறிவிக்கப்படவில்லை, அது காத்திராமல் பிறந்துவிட்டது.'