கோல்கீப்பர் தேடு படலம்

வாழ்க மனோகர்! கோரமண்டல் நண்பர்கள் கால்பந்துக் கழகத்தின் செயலாளராகவும், பயிற்சியாளராகவும், எல்லைக்கோட்டுக்குச் சுண்ணாம்பு போடுபவராகவும், பந்துக்குக் காற்றடிப்பவராகவும், கோல் வலையின் கிழிசல்களைத் தேங்காய்நார்க் கயிற்றால் தைப்பவராகவும் ஐம்பெரும் பதவிகளை ஓருடலில் தாங்கி, அறுபத்திரண்டு வயதிலும் இடது முழங்காலில் மட்டுமே நொண்டும் ஏந்தலே, நின் புகழ் பாடப் புகுந்தோம். சுரங்கங்கள் நூறாண்டு அரைத்துத் துப்பிய மண்ணெல்லாம் மலைத்தொடராகி நிற்கும் சயனைட் மேடுகளே, சாட்சிக்கு வாருங்கள். அடிக்கிற காற்றில் அந்த மண்ணை எங்கள் கண்ணில் தூவாமல் ஓர் அரைமணி நேரம் அடங்கியிருந்தால் இந்தக் காவியத்தை முடித்துவிடலாம்.

கோலார் தங்கவயலில் மூன்றாம் பிரிவு லீக் என்று ஒன்றுண்டு. அதற்குக் கீழே பிரிவே கிடையாது. அதற்குக் கீழே இருப்பது கைவிட்ட சுரங்க ஷாஃப்ட் மட்டுமே. அந்த மூன்றாம் பிரிவின் கடைசி இடத்தை ஆறாண்டு காலமாக எந்தப் பகைவனுக்கும் விட்டுக்கொடாமல் கட்டிக்காத்து வந்த கழகம் நம் கழகம். அத்தகைய கோட்டையில்தான் இடி விழுந்தது. கோல்கீப்பர் திலீப் கல்யாணம் செய்துகொண்டான். செய்தவன் சும்மா இருந்தானா? மாமனார் வீட்டு மாடியில் குடித்தனம் என்று ஒயிட்ஃபீல்டுக்குப் போயே போய்விட்டான். மீந்தவர் பதின்மர். லீக்கின் விதியோ கல்லில் வெட்டியது போன்றது: வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பதினொரு பெயர்களும், பதினொரு கையொப்பங்களும், பதினொரு புகைப்படங்களும் ராபர்ட்சன்பேட்டை அலுவலகத்தில் சேராவிட்டால், அந்தக் கழகத்தின் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும். ஒருமுறை நீங்கியது நீங்கியதுதான்.

வெகுண்டெழுந்தார் மனோகர். ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட் சுவரில், மூலக்கடுப்பு லேகிய விளம்பரத்துக்கும் பிஜி விடுதி விளம்பரத்துக்கும் இடையே, தன் கைப்பட எழுதிய பேரறிக்கையை ஒட்டினார்.

"வீரர்காள்! தங்கம் எடுத்த மண்ணில் பிறந்தும் காலைச் சும்மா வைத்திருக்கும் காளையர்காள்! கழகம் அழைக்கிறது! வருவோர்க்கு ஜெர்சி ஒன்று (துவைத்தது), இடைவேளையில் ஆரஞ்சுச் சுளை இரண்டு, ஆட்டம் முடிந்ததும் டீ, பன். தோற்றாலும் பன் உண்டு. உயரம் ஒரு பொருட்டன்று. ஷூ சொந்தமாக இருந்தால் நலம்."

ஒன்பது நாட்களில் அகிலம் அதிர மூன்று அழைப்புகள் வந்தன. முதலாமவர் மைதானம் வரவேற்பு விருந்துக்கு வாடகைக்குக் கிடைக்குமா என்றார். இரண்டாமவர், ஆடாமல் வந்தாலும் பன் உண்டா என்று தெளிவு கேட்டார். மூன்றாவது அழைப்பு மனோகரின் இல்லக்கிழத்தி வாணியிடமிருந்து: "ஒண்ணுமில்ல, போனு வேல செய்யுதான்னு பாத்தேன். வர்றப்ப கொத்தமல்லி வாங்கினு வாங்க."

ஏன் இந்த வறட்சி? ஊரில் இளைஞரே இல்லையா? இருக்கிறார்கள், விடிவதற்கு முன்பு வரை. மாரிகுப்பத்தில் புறப்படும் முதல் ரயில், பதினெட்டு முதல் ஐம்பத்தெட்டு வரை வயதுள்ள அத்தனை ஆண்மக்களையும் பெண்மக்களையும் வாரிச் சுருட்டி பெங்களூருக்குக் கொண்டுபோய்விடும். இருட்டிய பின்தான் கக்கும். பகலில் தங்கவயலில் எஞ்சியிருப்போர் பென்ஷன்காரர்களும் ஆடுகளுமே.

வியாழக்கிழமைப் பயிற்சியில் அணித்தலைவன் பாபு ஓர் ஒற்றுச்செய்தி கொணர்ந்தான். "சார், கிரண்னு ஒர்த்தன் கீறான். காலேஜுல கோல்கீப்பர். நானும் நேர்ல பாத்ததில்ல. டெய்லி அந்த ரயில்லதான் போறான். மூணாவது பொட்டி, ஜன்னலோரம், பச்சத் துண்டு போட்ட சீட்டு. எதுத்த சீட்ட புடிச்சிட்டீங்கன்னா ரெண்டு மணி நேரம் அவன் எங்கயும் ஓட முடியாது சார்."

"புடிக்கிறேன்," என்றார் மனோகர்.

"சீக்கிரம் போங்க சார். டவுன்ஷிப் டீம் வினயும் மோப்பம் புடிச்சிட்டானாம்."

வினய்! இரண்டாம் பிரிவுக்கு ஏற்றம் பெறத் துடிக்கும் டவுன்ஷிப் கழகத்தின் மேலாளன். முப்பது வயது. கழுத்தில் விசில், கையில் டேப்லெட், வீரர்களுக்கு டீயும் பன்னுமா தருவான்? பிரியாணியும் புரோட்டீன் மாவும் தருபவன். அப்பேர்ப்பட்டவனோடுதான் நம் ஏந்தல் மோதவேண்டும், அதுவும் ரயிலில், அதுவும் வாழ்நாளெல்லாம் ஊர் ஒர்க்‌ஷாப்பிலேயே வேலை பார்த்துவிட்டு, அந்த அதிகாலை ரயிலை ஒருநாளும் ஏறி அறியாதவர்!

வெள்ளிக்கிழமை. தை மாதக் குளிர், எலும்பைத் தொட்டு விசாரிக்கும் குளிர். மாரிகுப்பம் நடைமேடையில் மங்கி கேப்களும் மஃப்ளர்களும் போர்த்து மூக்கு நுனி மட்டும் வெளியே தெரிய நின்றது ஒரு மாபெரும் சேனை. யார் யாரென்று பெற்றவளுக்கே தெரியாது. அந்தச் சேனையின் அரசியல் சாசனம் ஒரே வரிதான்: ஜன்னல் வழியே எவர் கைக்குட்டை முதலில் விழுகிறதோ, இருக்கை அவருடையது. அதற்கு மேல்முறையீடு இல்லை.

கரிய பெருநாகம்போல் ஊர்ந்துவந்தது ரயில். நிற்கவில்லை, நிற்பதற்கு முன்பே பறந்தன கைக்குட்டைகள், துண்டுகள், டிபன் பைகள், ஒரு குடை, ஒற்றைச் செருப்பு. மூன்றாம் பெட்டியின் ஜன்னலோரத்தில் பச்சைத் துண்டொன்று எவர் கையிலிருந்தோ பறந்து வந்து பட்டாபிஷேகம் போல் அமர்ந்தது. அதைக் கண்டார் மனோகர். எதிர் இருக்கையைக் குறிவைத்தார். நாற்பதாண்டுகளுக்கு முன் எல்லைக்கோட்டிலிருந்து பந்தெறிந்த அதே வலக்கை, அதே வீச்சு, நொண்டுகால் மூன்றடி முன்னோட, நீலக்கட்டமிட்ட கைக்குட்டை சுரங்கத்தில் கேஜ் எனும் தூக்குக்கூண்டு இறங்கும் வேகத்தில் பாய்ந்து, கம்பிக்குள் நுழைந்து, எதிர் இருக்கையின் நட்டநடுவில் விழுந்தது. விழுந்த அதே கண்ணிமைப்பில், பக்கத்துக் கம்பியில்லாத அவசர ஜன்னல் வழியே வந்து அதன்மேல் தொப்பென்று குந்தியது வினயின் முதுகுப்பை!

இருவரும் முட்டி மோதி உள்ளே பாய்ந்தார்கள்.

"அங்கிள், பேக்தான் மேல இருக்கு. சோ சீட் நம்துதான்," என்றான் வினய்.

"கர்ச்சீப்பு எங்கடா இருக்கு?"

"அது கீழ எங்கியோ மாட்டிகிச்சு. சும்னே பேஜார் பண்ணாதீங்க அங்கிள்."

அப்போது எழுந்தாள் ரத்தினம்மா. பெங்களூரு ஆஸ்பத்திரி ஒன்றில் ஆயா வேலைக்குப் பத்தொன்பது ஆண்டுகளாக அதே பெட்டியில் போய்வரும் அம்மையார். மூன்றாம் பெட்டியின் உச்சநீதிமன்றம். வாயில் வெற்றிலையோடு தீர்ப்பு வழங்கும் தெய்வம்.

"பையத் தூக்கு," என்றாள். தூக்கினான். கீழே நசுங்கிக் கிடந்தது கைக்குட்டை. "இன்னாடா இது? பை மேல, கர்ச்சீப்பு கீழ. அப்ப எது மொதல்ல வந்துச்சு?"

"ஆன்ட்டி, பட்..."

"பட்டுமில்ல, பனாரசுமில்ல. எந்திரி. பெரிய மனுசன் குந்தட்டும். நீ போயி டோராண்ட நில்லு, காத்து வரும்."

பெட்டியே ஆர்ப்பரித்தது. தோற்ற வினய், பையை மார்போடணைத்து, மங்கி கேப்கள் நெருக்கியடித்து நின்ற கதவோரக் கூட்டத்தில் கரைந்தான். வென்றார் மனோகர்! நிமிர்ந்து அமர்ந்தார். எதிரே, பச்சைத் துண்டின்மேல், மங்கி கேப்பும் சால்வையும் போர்த்த ஓர் உருவம் ஏற்கெனவே அமர்ந்து கண்மூடியிருந்தது. இதோ கிரண்! இதோ பதினோராமவன்! ரயில் நகர்ந்தது. தொண்டையைச் செருமினார்.

"தம்பி, தூங்காத. உன்னாண்டதான் பேச வந்தேன். எங்க கழகத்துக்கு நீ கோல்கீப்பரா வரணும்."

ஒரு கண் திறந்தது. "என்னியா சார் சொல்றீங்க?"

"உன்னத்தான்!"

மறுகண்ணும் திறந்தது. அவ்வளவுதான், மடை உடைந்தது. ஊர்காம் தாண்டுமுன் கழகத்தின் தோற்றத்தைப் பாடினார். கோரமண்டல் தாண்டுமுன் அதன் ஒரே வெற்றியைப் பாடினார். எதிரணியின் வேன் பங்காரப்பேட்டையில் பழுதாகி நின்றதால் கிட்டிய வெற்றி என்பதை மட்டும் பாடாமல் விட்டார். கோல்கம்பங்கள் இரண்டும் வானைத் தாங்கும் தூண்களென்றும், அவற்றினிடையே நிற்பவன் வாயிற்காவலனல்லன், பேரரசின் கடைசிச் சுவரென்றும், பத்துப்பேர் முன்னே ஓடுவது பின்னே ஒருவன் நிற்கிறான் என்ற நம்பிக்கையாலன்றி வேறெதனாலென்றும் முழங்கினார். "இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள நீ கையெழுத்துப் போடலன்னா நாங்க இல்ல தம்பி. அவ்வளோதான். கிளப்பே இல்ல," என்று முடித்தார். அக்கம்பக்கத்தில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் சீட்டைக் கவிழ்த்துவைத்துக் கேட்டார்கள். ரத்தினம்மா வெற்றிலையை மெல்ல மறந்தாள்.

"ஆவட்டும் சார், வரேன்," என்றது மங்கி கேப். "எங்க கையெழுத்து போடணும்?"

படிவம் நீண்டது. தொடைமேல் வைத்து எழுதியது மங்கி கேப். போட்டோ? ரேஷன் கார்டு திருத்தத்துக்கென எடுத்த இரண்டு படங்கள் பர்சிலேயே இருந்தன. மடித்த படிவத்தை மனோகர் வாசித்தும் பாராமல் சட்டைப்பையில், இதயத்துக்கு மேலே, செருகினார். வெற்றி முரசு அவர் காதுக்குள்ளேயே ஒலித்தது.

ரயில் மாலூரில் நின்றது. கதவோரக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு, சாமான் பலகையில் தலை இடிக்காமலிருக்கக் குனிந்தபடி, தென்னை போன்ற இளைஞன் ஒருவன் வந்து நின்றான்.

"நாகேஷண்ணா, எந்திரிங்க. மாலூர் வந்துடுச்சி. இப்ப என் டர்ன்."

மனோகரின் முரசு நின்றது. "நீ யாருப்பா?"

"கிரண் சார்."

"அப்ப இவரு?"

ரத்தினம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "இன்னா செகரட்ரி, இது கூட தெரியாதா? ஒரு சீட்டு, ரெண்டு பேரு. மாலூர் வரிக்கும் நாகேசு, அப்பால இவன். நாலு வருசமா இப்டித்தான் போறாங்க. பாதி பொட்டி இப்டித்தான்யா!"

ஆ! ஊர்ப்பயணிகள் அத்தனைபேரும் அறிந்த பாதி இருக்கை வழக்கத்தை ஊரிலேயே இருந்தவர் ஒருவர் மட்டும் அறியவில்லை. கேட்டார்: "தம்பி, நீ கோல்கீப்பர்தானே? எங்க டீமுக்கு..."

"அய்யோ சார், இப்பதானே டோராண்ட ஒரு அண்ணாக்கு சைன் பண்ணேன். சீட்டு போச்சு, கோல்கீப்பர் போச்சுன்னு ஒரே பொலம்பல். நானும் கீப்பர்தான்னு சொன்னேன். கட்டிப்புடிச்சிகினாரு."

கதவோரத்திலிருந்து வினய் டேப்லெட்டை உயர்த்தி ஆட்டினான். மனோகர் தன் கைக்குட்டையால் எதிரியைக் கதவோரத்துக்குத் தூக்கி எறிந்து, எறிந்த இடத்திலேயே அவனுக்குப் புதையல் காட்டியிருந்தார்.

எழுந்து நின்றிருந்தார் நாகேஷ். மங்கி கேப்பைக் கழற்றினார். கீழே வழுக்கை, தடித்த கண்ணாடி, ஐந்தடி மூன்றங்குலம், நாற்பத்தொரு வயது, கூரியர் ஆபீசில் கவர் பிரிக்கும் வேலை. நடந்தது புரிந்துவிட்டது அவருக்கு.

"வேணும்னா கிழிச்சிடுங்க சார். பரவால்ல," என்றார் மெதுவாக. "ஸ்கூல்ல எல்லாரும் ஆடுவாங்க, நான் வெளிய போன பந்த பொறுக்கிப் போடுவேன். உள்ள வந்து ஆடுன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான். அதான் யாருன்னு கூட கேக்காம போட்டுட்டேன்."

சட்டைப்பையைத் தொட்டார் மனோகர். அதில் இருப்பது ஆறடியல்ல, ஆனால் பதினொன்று. சேனையும் கோட்டையும் கொடியும் இன்று ஐந்து மணிவரை உயிர்வாழ அது ஒன்றே வழி. அதுமட்டுமா? இத்தனை ஆண்டுகளில் அவர் உரையைக் கேட்டு, பன் உண்டா என்று கேளாமல் வரேனென்ற ஒரே மனிதன் எதிரில் நிற்கிறான்.

"கிழிக்கிறதா!" என்று கர்ஜித்தார். "ஞாயித்துக்கெழமை ஏழு மணிக்குக் கிரவுண்டுக்கு வந்துடு நாகேசு. லேட்டா வந்தா ஃபைன்." முழங்காலையும் மறந்து மாலூர் நடைமேடையில் குதித்தார்.

திரும்பும் ரயில் மதியத்துக்கு மேல்தான், அதுவும் தாமதம். பங்காரப்பேட்டையில் பஸ் தாமதம். ராபர்ட்சன்பேட்டையில் ஊர்வலம். நான்கு ஐம்பத்திரண்டுக்கு லீக் அலுவலகப் படியேறினார். எழுத்தர் கிருஷ்ணம்மா படிவத்தை மூக்குக்கருகே வைத்துப் படித்தாள்.

"வயசு நாப்பத்தொண்ணு?"

"ஆமாம்மா."

"அனுபவம்ங்கற எடத்துல 'பந்து பொறுக்கியது, எட்டு வருடம்'னு போட்டிருக்கு. இன்னா சார் இது?"

"எட்டு வருசம் பந்த வுட்டு கண்ண எடுக்காதவன்மா அவன்."

அவள் படிவத்தை மேசையில் விரித்தாள். பிறகு முத்திரையை ஓங்கி அடித்தாள். அந்த ஓசை சயனைட் மேடுகளில் மோதித் திரும்பியது என்று சொன்னால் நம்புங்கள். வாழ்ந்தது கழகம்!

ஞாயிறு புலர்ந்தது. விதி எழுதிய அட்டவணைப்படி எதிரே நின்றது டவுன்ஷிப் அணி. தொலைக் கோலில் கிரண், அருகுக் கோலில், முழங்கால் வரை தொங்கும் துவைத்த ஜெர்சியோடு, கண்ணாடியைக் கயிற்றால் தலையில் கட்டி, இரு கரங்களையும் கருடனின் சிறகென விரித்து, கால்களைக் கோட்டைவாயில் தூண்களென அகட்டி, நாகேஷ். மூன்றாம் பெட்டியே ரத்தினம்மா தலைமையில் திரண்டு வந்து கூவியது. விசில் ஊதிற்று. டவுன்ஷிப் படையின் முன்னணி வீரன் புயலெனப் புகுந்து, நால்வரைக் கடந்து, பூமி பிளக்கப் பந்தை உதைத்தான். அது மின்னலென உருண்டு வந்தது. மனோகர் கண்களை மூடி எல்லாத் தெய்வங்களையும் அழைத்தார். நாகேஷோ கண்களை மூடவில்லை, இமைக்கவுமில்லை, எட்டாண்டுத் தவத்தின் பார்வையெல்லாம் அந்த ஒற்றை உருண்டையின்மேல் குவிய, சிங்கம்போல் சிலிர்த்து, மலைபோல் நிலைத்து, இடிபோல் முழங்கிக் குனிந்தார்.

பந்து ரெண்டு காலுக்கும் நடுவில் போய்விட்டது.