பதினோரு மாதப் பிரார்த்தனை

“நானும் வரேன்யா. அந்த மகானை ஒரு தடவையாவது நேர்ல பார்க்கணும்,” என்று சொல்லிவிட்டு மேலாளர் காரில் ஏறி உட்கார்ந்தார்.

கையுறைக்காரர் வேறு வழியில்லாமல் பக்கத்தில் ஏறிக்கொண்டார். அந்த மகானை அவரே ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

கையுறைக்காரர் என்றால் கையுறை விற்பவர். தொழிற்சாலை தொழிற்சாலையாக ஏறி இறங்குகிற பிழைப்பு. பெட்டியில் இருபது சாம்பிள், அத்தனையும் இடது கை. இரண்டு கைக்கும் கொடுத்தால் ஜனங்கள் மாட்டிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள் என்பது கம்பெனியின் கண்டுபிடிப்பு.

பிஸ்கட் தொழிற்சாலையின் கொள்முதல் அதிகாரி எந்த விற்பனையாளரையும் உள்ளே விடுகிறவர் இல்லை. முதல் மாதம், ‘ஆளைப் பார்க்க முடியவில்லை’ என்று உள்ளதை உள்ளபடி ரிப்போர்ட் எழுதினார் கையுறைக்காரர். மேலாளர் போனிலேயே தோலை உரித்துவிட்டார். இரண்டாம் மாதம், ‘பார்த்தேன். பிரார்த்தனையில் இருந்தார். நானும் கலந்துகொண்டேன்’ என்று எழுதினார். மேலாளர் வாயைத் திறக்கவில்லை. கடவுள் நிறுத்தி வைத்திருக்கும் ஆர்டருக்கு யாரைப் போய்த் திட்டுவது?

அவ்வளவுதான், அந்த வழியையே பிடித்துக்கொண்டார் கையுறைக்காரர். மூன்றாம் மாதத்திலிருந்து அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டு, வீட்டிலிருந்தே எழுதினார். செவ்வாய்தோறும் இருவருக்கும் விரதம். மேலிருந்து உத்தரவு வந்தால்தான் அதிகாரி கையெழுத்துப் போடுவார். ஐந்தாம் மாதம் கை சும்மா இருக்காமல், ‘தங்கள் மூட்டு வலிக்காகவும் வேண்டிக்கொண்டோம்’ என்று வேறு எழுதிவைத்தார். கஷ்டகாலம், வலி நின்றுவிட்டது! அன்றிலிருந்து திங்கட்கிழமை மீட்டிங் மேலாளரின் பிரார்த்தனையோடுதான் ஆரம்பித்தது. சாமியே கிடையாது என்று சத்தியம் பண்ணுகிற ஸ்டோர் கீப்பர்கூட வேலைக்குப் பயந்து கண்ணை மூடினார்.

சிரிக்கலாம். ஆனால் கையுறைக்காரரின் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரம் இரண்டு தடவை மெஷினோடு இணைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பது கம்பெனி கொடுத்த காப்பீட்டு அட்டையை. வேலை போனால் அட்டை போகும். அட்டை போனால் அவள் போய்விடுவாள் என்ற பயத்தில்தான் அவர் தினமும் எழுந்து சட்டையை மாட்டினார்.

வழியில் ஒரு ஓட்டல் முன்னால் மேலாளர் காரை நிறுத்தினார். இறங்கும்போது காலை இழுத்தார்.

“என்ன சார், மூட்டு வலி போயிடுச்சுன்னீங்களே?”

“ஒரு வாரமா திரும்ப வந்திருக்குய்யா. அதை விடு. சாப்பிடுறியா?”

“செவ்வாய்க்கிழமை சார்…”

மேலாளர் அவரையே பார்த்தார். “ஒரு நாள்தானே. சாப்பிடு. சாமி கோவிச்சுக்காது.”

“வேண்டாம் சார். அந்த அதிகாரிக்குக் கொடுத்த வாக்கு.”

“வேற ஏதாவது சொல்லணும்னா சொல்லு. நானும் கோவிச்சுக்க மாட்டேன்.”

“ஒண்ணுமில்லை சார்.”

மேலாளர் தனியாகச் சாப்பிட்டார். கையுறைக்காரர் எதிரில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவர் பதினோரு மாதம் ஓட்டியிருந்தார். அந்தத் திறமையைக் கையுறை விற்பதில் காட்டியிருந்தால் உருப்பட்டிருப்பார்.

தொழிற்சாலை வரவேற்பறையில் இருந்த அம்மா மேலாளரைப் பார்த்ததும் எழுந்து வணக்கம் சொன்னார். மேலாளர் போட்டிருந்த கோட்டுக்கு உள்ள மரியாதை என்று கையுறைக்காரர் நினைத்துக்கொண்டார். பிறகு அந்த அம்மா இவர் பக்கம் திரும்பி, “நீங்க யாரு?” என்றார்.

மேலாளர் புருவத்தைத் தூக்கினார்.

“நான் எப்பவும் பின்வாசல் வழியாத்தான் போவேன் சார்,” என்றார் கையுறைக்காரர். “அவருக்கு விளம்பரம் பிடிக்காது.”

“அப்படியா. சரி, இன்னைக்கும் பின்வாசலாவே போகலாமே?”

“இன்னைக்கு… பூட்டியிருக்கு சார். நீங்க உட்காருங்க, நான் போய் நீங்க வந்திருக்கீங்கன்னு சொல்லிட்டு வரேன்.”

யாரையும் விடாத அதிகாரி அறைக் கதவை அந்த அம்மா தாராளமாகத் திறந்துவிட்டார். ஏன் என்று யோசிக்க நேரமில்லை.

உள்ளே இரண்டு பேர். ஒருவர் ஏணி மேல் நின்று ஏசியைக் குடைந்துகொண்டிருந்தார். இன்னொருவர் மேஜைக்குப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். கையுறைக்காரர் கதவைச் சாத்திவிட்டு நாற்காலிக்காரரிடம் ஓடினார்.

“சார், நான் யாருன்னு உங்களுக்குத் தெரியாது. ஆனா பதினோரு மாசமா நாம ரெண்டு பேரும் சேர்ந்து பிரார்த்தனை பண்றோம்.”

நாற்காலிக்காரர் மெல்லுவதை நிறுத்தினார்.

“அப்படித்தான் ரிப்போர்ட்ல எழுதியிருக்கேன். எல்லாம் பொய். வெளியே என் மேலாளர் இருக்காரு. குட்டு உடைஞ்சா வேலை போயிடும் சார். வேலை போனா என் வீட்டுக்காரி பத்து நாள் தாங்க மாட்டா. ஒரே ஒரு நிமிஷம் என்கூடக் கண்ணை மூடுங்க. ஆர்டர்கூட வேண்டாம்!”

ஆர்டர் வேண்டாம் என்று முப்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை.

“அண்ணே,” என்றார் நாற்காலிக்காரர். “நான் ஏசி ரிப்பேருக்கு வந்தவன். நான் வேலை பார்க்குற லட்சணம் பிடிக்காம சாரே மேல ஏறிட்டாரு.”

ஏணியிலிருந்து குரல் வந்தது. “ஏன் நிறுத்திட்டீங்க? கேட்டுக்கிட்டுதானே இருக்கேன்.”

அதிகாரி இறங்கி வந்தார். கையைத் துடைத்துக்கொண்டே கையுறைக்காரரை மேலும் கீழும் பார்த்தார்.

“கண்ணை மூடணும். அவ்வளவுதானே?”

“அவ்வளவுதான் சார்.”

“எந்தச் சாமின்னு எழுதியிருக்கீங்க?”

“அதை எழுதலை சார். சாமின்னு பொதுவா…”

“நல்லவேளை. கூப்பிடுங்க அவரை.”

மேலாளர் நொண்டிக்கொண்டே வந்து, அறிமுகம் செய்வதற்குள் நேராக அதிகாரியின் கையைப் பிடித்துக்கொண்டார். “முகத்துல இருக்குற களையே சொல்லுதே!” என்றார். முகத்தில் இருந்தது ஏசித் தூசி.

“நீயே நடத்துய்யா. வழக்கம்போல.”

நான்கு பேரும் கண்ணை மூடினார்கள். நாலாவது ஏசிக்காரர், மூடாவிட்டால் கூலி கிடைக்காது என்று பயந்திருக்க வேண்டும்.

“கடவுளே…” என்று ஆரம்பித்தார் கையுறைக்காரர். மேலே என்ன சொல்வதென்று சத்தியமாகத் தெரியவில்லை. வாய்க்குப் பழகியதுதான் வந்தது. “எங்க கையுறை சூட்டுக்கும் ஆசிட்டுக்கும் தாங்கும். நாலு சைஸ்ல வருது…”

ஏசிக்காரர் தும்முவதுபோலச் சிரித்தார். மேலாளர் சிரிக்கவில்லை. கையுறைக்காரர் சைஸ் கணக்கை விட்டுவிட்டார். யாரும் எழுதிக் கொடுக்காத வார்த்தைகள் தாமாக வந்தன.

“நான் செஞ்சது உனக்குத் தெரியும். இங்கே வச்சுச் சொல்ல முடியாது. என்னை என்ன வேணா பண்ணிக்கோ. அவளை விட்டுடு. இந்த வேலையை மட்டும் எனக்கு விட்டு வை. அவ தூங்கறப்பகூட அந்த அட்டையைத் தலையணைக்கு அடியிலதான் வச்சுக்கிட்டுத் தூங்குறா. வேற எதுவும் கேட்கமாட்டேன்.”

கண்ணைத் திறந்தபோது மேலாளர் கைக்குட்டையில் முகத்தைப் புதைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். அதிகாரி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

அந்த நிமிஷம் கையுறைக்காரர் நம்பிவிட்டார். கேட்பதற்கு மேலே ஒருத்தன் இருக்கிறான், பொய்யனையும் கைவிடுவதில்லை என்று நெஞ்சார நம்பினார்.

“நீ வெளியே இரு,” என்றார் மேலாளர் கரகரத்த குரலில். “சார்கிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டு வரேன். உன்கிட்டயும் பேசணும்.”

வரவேற்பறைக்கு வந்ததும் மனைவிக்குப் போன் போட்டார். “தப்பிச்சோம்டி! நிஜமாவே தப்பிச்சோம். இனிமே செவ்வாய்க்கிழமை விரதத்தை விடவே மாட்டேன்.”

“என்ன உளர்றீங்க? முதல்ல எதையாவது சாப்பிடுங்க,” என்றாள் அவள்.

வரவேற்பு அம்மாவும் அதையேதான் சொன்னார். ஒரு தட்டு நிறைய பிஸ்கட்டை நீட்டி, “எடுத்துக்கோங்க. முகமெல்லாம் வாடிப்போயிருக்கு,” என்றார்.

“இன்னைக்கு விரதம்மா. அடுத்த மாசம் வரும்போது கண்டிப்பா சாப்பிடுறேன்.”

“அடுத்த மாசமா?” அந்த அம்மாவின் கை தட்டோடு அப்படியே நின்றது. “அப்போ உங்ககிட்ட இன்னும் சொல்லலையா? போன வாரம் உங்க மேலாளர் தனியா வந்து, ‘அவன் எழுதினதெல்லாம் பொய்ன்னு தெரிஞ்சு கம்பெனி மேலிடத்துல அவனை வேலையை விட்டு எடுத்துட்டாங்க, செவ்வாய்க்கிழமைதான் கடைசி நாள், அன்னைக்கு ஒரு நிமிஷம் அவனோட சேர்ந்து கண்ணை மூடுங்க, பாவம், அவன் தலை குனிஞ்சு போகக் கூடாது’ன்னு எங்க சார் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கெஞ்சினாரே!”