பருந்து எண்ணும்போது குனியக் கூடாது

பருந்து எண்ணி முடிக்கிறவரை வீட்டு வேலை எதையும் தொடப்போவதில்லை என்று அப்பா சபதம் எடுத்தார். இதுவரை எதைத் தொட்டீர்கள் என்று கேட்டேன். விறுவிறுவென்று மாடிப்படி ஏறிவிட்டார்.

அப்பா புவியியல் வாத்தியார். குளிர்காலத்துக்கு முன்னால் வடக்கேயிருந்து தெற்கே போகிற பருந்து, வல்லூறுகளை எண்ணித் தரும்படி ஒரு பறவைச் சங்கம் அவரைக் கேட்டுக்கொண்டது. அன்றிலிருந்து மனுஷருக்குக் கால் தரையில் படவில்லை. விடுமுறை என்றால் மொட்டைமாடிதான். கழுத்தில் பைனாகுலர். கையில் டிக் டிக்கென்று அமுக்குகிற எண்ணும் கருவி. டீ மேலே போக வேண்டும். சோறும் மேலே போக வேண்டும்.

"கீழ வந்து சாப்பிட்டா என்னங்க?" என்பாள் அம்மா.

"குனிஞ்ச நேரத்துல நாலு பருந்து போயிடும். இது விஞ்ஞானம்!"

"நான் கொஞ்ச நேரம் எண்ணறேன்ப்பா" என்றேன்.

"அதுக்கு அனுபவம் வேணும்மா."

தட்டு தூக்க மட்டும் அனுபவம் தேவையில்லை போலிருக்கிறது. என்ன நியாயம் இது?

அம்மாவின் கவலை வேறு. அவள் தையல்காரி. மிஷின் கிடப்பது சமையலறை நடையில். ஒருக்களித்து உட்கார்ந்துதான் மிதிக்க முடியும். அவள் தைத்த துணியில் வெங்காய வாசனை அடிக்கிறது என்று திருப்பித் தந்தவர்களும் உண்டு. இப்போது ஒரு பள்ளிக்கூடத்துச் சீருடை ஆர்டர் வந்திருந்தது. தைக்க இடம் இருந்தால்தான் தருவார்களாம், திங்கட்கிழமை ஆள் வந்து பார்ப்பாராம். இடம் இருக்கிறது, வாசல் வராந்தாவில். அங்கே ஸ்கூட்டர் நிற்கிறது.

நான் பாவாடை சட்டை போட்ட காலத்திலேயே உயிரை விட்ட ஸ்கூட்டர். "கார்புரேட்டர் மாத்தினா பறக்கும்" என்பார் அப்பா. பழைய இரும்புக்காரர் வரும்போதெல்லாம் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பார். இத்தனைக்கும் வண்டி அம்மா பெயரில் இருக்கிறது. கல்யாண நாள் பரிசு! சாவியை மட்டும் கடைசிவரை கொடுக்கவில்லை.

சனிக்கிழமை ராத்திரி கீழே வந்து சாப்பிடும்போது அப்பா அறிவித்தார்: "மழை விட்டாச்சு, வடக்குக் காத்து திரும்பியாச்சு. நாளைக்குத்தான் பெரிய கூட்டம்."

"எத்தனை மணிக்குங்க?" என்றாள் அம்மா.

அப்பா சோற்றை விட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் பருந்தைப் பற்றிக் கேட்பது அதுதான் முதல் தடவை. "வெயில் ஏறினதும். வட்டம் போட்டு மேல ஏறும். உச்சிக்குப் போனதும் ஒவ்வொண்ணா தெற்கே வழுக்கிக்கிட்டுப் போகும். அப்பத்தான் எண்ணணும். கண்ணை எடுத்தோம், மொத்தமும் பாழ்!"

"பாவம். எடுக்காதீங்க" என்றாள் அம்மா. ஒரு கரண்டி சோறு கூடப் போட்டாள்.

மறுநாள் வெயில் ஏறியது. பருந்துகளும் ஏறின. வானத்தில் மிளகை அள்ளிச் சுழற்றிவிட்டது போல ஒரு கூட்டம். உச்சியிலிருந்து முதல் பருந்து தெற்கே வழுக்கியது. டிக். அதே நேரம் கீழே 'கிரீச்' என்றது.

"என்ன சத்தம்?" வானத்தைப் பார்த்தபடியே கேட்டார் அப்பா.

எட்டிப் பார்த்தேன். "அம்மாவும் பழைய இரும்புக்காரரும் ஸ்கூட்டரைத் தள்றாங்க."

"ஐயோ! டிக். நிறுத்தச் சொல்லு! டிக், டிக்."

அவசரத்தில் வாயாலும் எண்ண ஆரம்பித்துவிட்டார்.

"நான் எப்படிப்பா நிறுத்த முடியும்? வண்டிக்குச் சொந்தக்காரங்க அவங்க. சட்டப்படி பார்த்தா..."

"சட்டம் பேசற நேரமா இது? டிக். இந்தா, நீ எண்ணு, நான் போறேன்!"

"அனுபவம் இல்லையேப்பா."

அப்பா எழுந்தார். அண்ணாந்தபடியே படிக்கட்டைக் காலால் துழாவினார். இரண்டு வல்லூறு வந்தது. மறுபடி உட்கார்ந்தார். தெருக்கோடியில் வண்டிச் சத்தம் தேய்ந்து மறைந்தது. அவர் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. ஆனாலும் கருவியை வாங்கிக்கொள்ளவில்லை.

வானம் காலியானதும் பாய்ந்து இறங்கினார். வராந்தா கழுவித் துடைத்துக் கிடந்தது. நடுவில் மிஷின். அதன் முன்னால் நேராக, காலை நீட்டி, ராஜாத்தி மாதிரி அம்மா.

"எங்கடீ என் ஸ்கூட்டர்?"

அம்மா ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னாள்:

"தெற்குப் பக்கமாப் போச்சுங்க. ஒண்ணே ஒண்ணுதான், எண்ணிக்கையில சேர்த்துக்குங்க."