புதுக் கயிற்றோடு ஏலத்துக்கு வருகிறவர்

ஏலத்துக்கு வருகிறவர்கள் மூன்று ரகம். விற்க வருகிறவர், வாங்க வருகிறவர், வாங்குகிறவனை வாங்கவிடாமல் செய்ய வருகிறவர். முதல் இரண்டு பேரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, பாவம், அவர்களுக்கு வேலை இருக்கிறது. மூன்றாமவரைத்தான் பார்க்கப் போகிறோம். எங்கள் கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் அவருக்குக் கொளஞ்சியப்பன் என்று பெயர். உங்கள் ஊரில் வேறு பெயர் இருக்கலாம். ஆள் அதே ஆள்தான்.

தோளில் கிடக்கும் கயிற்றை வைத்து அவரை அடையாளம் கண்டுகொள்ளலாம். எங்கள் பக்கத்தில் மாட்டை விற்கிறவர் தன் கயிற்றைக் கொடுப்பதில்லை. கொடுத்தால் வீட்டு லட்சுமியும் கூடவே போய்விடுவாள் என்று அவிழ்த்து வைத்துக்கொள்வார். வாங்குகிறவர்தான் புதுக் கயிறு போடவேண்டும். போட்டுவிட்டால் மாடு அவருடையது, அப்புறம் பேச்சே கிடையாது. ஆகவே தோளில் புதுக் கயிறோடு ஒருவர் வந்தால் விற்கிறவருக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருக்கும். உட்காரக் கட்டில் வரும், டீ வரும். கொளஞ்சியப்பன் "பணம் மடியிலயே இருக்குது" என்று இடுப்பைத் தட்டிக் காட்டிவிட்டு இரண்டாவது டீயும் குடிப்பார். அந்தக் கயிறு எத்தனையோ வருஷமாகப் புதுசாகவே இருக்கிறது.

டீ முடிந்ததும் பூஜை ஆரம்பம். மாட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பார், முதுகில் சுழி தேடுவார், காம்பைப் பிடித்து இழுப்பார், வாலைத் தூக்குவார், இரண்டடி பின்னால் போய் நின்று தலையை மெல்ல ஆட்டுவார். வாய் திறக்கமாட்டார். யாராவது "இன்னாங்க?" என்று கேட்கவேண்டும், அதற்காகத்தானே இத்தனை பாடு? கேட்டால் பதில் தயார்: "வேணாம்னு சொல்லல. யோசிச்சி வாங்குங்க." அவ்வளவுதான். கேட்டவன் யோசிக்கப் போய்விடுவான், திரும்பி வரமாட்டான்.

வளைகுடாவில் சண்டை நடந்த அந்தத் தை மாதம் அவருக்குப் பொற்காலம். டீசல் கிடைக்கவில்லை. கேனை வரிசையில் வைத்துவிட்டு ஆட்கள் பக்கத்தில் படுத்துக் கிடந்தார்கள். இடஒதுக்கீட்டுக்காகச் சாலை மறியல் வேறு. பால் வண்டி வந்தால் வந்தது, வராவிட்டால் கறந்த பால் திரிந்தது. எனவே ஊர் ஊராக மாடும் இன்ஜினும் ஏலத்துக்கு வந்தன. கொளஞ்சியப்பன் ரேடியோவில் செய்தி கேட்டுவிட்டுக் கிளம்புவார். டீசல் இன்ஜின் கேட்க வந்தவனிடம் சண்டை பத்து வருஷம் ஓடும், வாங்கி என்ன செய்வாய் என்பார். மாடு கேட்க வந்தவனிடம் சண்டை இந்த வாரமே முடிகிறது, மாட்டு விலை விழப்போகிறது, பொறு என்பார். இரண்டும் ஒரே சண்டைதானே என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

நைனார்பாளையத்தில் பாப்பாத்தி தன் மூன்று பசுக்களையும் டீசல் இன்ஜினையும் ஏலம் வைத்தார். இன்ஜின் ஓடாமல் தீவனப் பயிர் கருகிவிட்டது, பசுக்களுக்கு வைக்க வைக்கோல்கூட இல்லை. முதல் இரண்டு பசுக்களும் நல்ல விலைக்கு, பால் கறக்கிற வீடுகளுக்கே போயின. காரணம், களமருதூரிலிருந்து வந்த கொளஞ்சியப்பனின் பஸ் மறியலில் மாட்டிக்கொண்டது. போராட்டத்தால் உடனடியாகப் பலன் கண்டவர் அன்றைக்குப் பாப்பாத்தி ஒருவர்தான்.

பஸ் வந்தது. இன்ஜின் பழைய இரும்பு விலைக்குப் போயிற்று.

மிச்சம் செவலைப் பசு. தலையீற்றிலிருந்து பாப்பாத்தி கையால் கறந்த மாடு. அதைக் கேட்டவர்கள் இரண்டே பேர். ஒருவர், அடிமாட்டு லாரி பழனி. இன்னொருவர், கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்த சடையன், பிள்ளைகளுக்குப் பால் வேண்டும் என்று வந்தவர். லாரிக்கு மட்டும் போகக் கூடாது என்று பாப்பாத்தி ஏலம் போட்ட கந்தசாமியிடம் காலையிலேயே சொல்லியிருந்தார். ஆனால் ஏலத்தில் கூடுதலாகக் கேட்டவருக்குத்தானே மாடு? சடையன் பழனிக்கு மேலே ஒரு விலை சொன்னார். பாப்பாத்திக்கு மூச்சு வந்தது. கந்தசாமி இரண்டு தரம் சொல்லிவிட்டார். பாப்பாத்தி தன் கயிற்றை அவிழ்த்துவிட்டார்.

கொளஞ்சியப்பன் தலையை ஆட்டினார்.

பின்னங்கால் இழுக்கிறது என்றார். நன்றாகத்தானே நிற்கிறது என்றார் சடையன். நிற்கும்போது தெரியாது, நடக்கவிட்டால் தெரியும் என்று சொல்லி, தோளிலிருந்த கயிற்றைக் கொம்பில் மாட்டி, கூட்டத்துக்கு நடுவே செவலையை ஒரு சுற்று நடத்திக் காட்டினார். அது கல்யாணப் பெண் மாதிரி அழகாக நடந்தது. ஆனாலும் சடையன் யோசிக்க ஆரம்பித்துவிட்டார். பழனி லாரிப் பலகையை இறக்கச் சொன்னார்.

பாப்பாத்தி தன் பழைய கயிற்றைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"கவுறு ஏறிடுச்சுங்க. மாடு உங்களுது."

"நடக்கவுட்டுக் காட்டுனன்மா. அதுக்குப் போட்டது."

"எதுக்குப் போட்டா இன்னா? கவுறு கவுறுதான். பணம்தான் மடியிலயே இருக்குதே."

கந்தசாமி சடையன் கேட்ட விலைக்கே மூன்றாம் தரம் சொல்லிவிட்டார். ஊரே கொளஞ்சியப்பனின் மடியைப் பார்த்தது. இன்னொருத்தர் கயிறு விழுந்த மாட்டைத் தொடுவது தொழிலுக்கு ஆகாது என்று பழனி பலகையை ஏற்றிவிட்டார். கொளஞ்சியப்பன் சடையனைத் துரத்திக்கொண்டு ஓடினார். இப்போது அந்த மாட்டுக்குக் கால் இழுக்கவில்லை, சுழி ராஜ சுழி, சண்டையும் பத்து வருஷம் ஓடும், மாட்டு விலை ஏறிக்கொண்டே போகும்.

சடையன் நின்று பொறுமையாகக் கேட்டார். "வேணாம்னு சொல்லலிங்க. யோசிச்சி வாங்கறன்."

கொளஞ்சியப்பன் மடியை அவிழ்த்துப் பணத்தை எண்ணி வைத்தார். மாட்டை பஸ்ஸில் ஏற்ற முடியாது. களமருதூர் வரை நடந்தார், செவலை வழி காட்டியது. பாப்பாத்தி தெருமுனை வரை வந்து பார்த்துவிட்டு, அழுது, பிறகு சிரித்தார்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். நல்லது. பக்கத்து வீட்டுக்காரர் மனை விற்றபோது, தண்ணீர் உப்பு என்று வாங்க வந்தவனிடம் சொன்னது யார்? அத்தை மகனுக்குப் பெண் பார்த்துவிட்டு வந்ததும் "வேணாம்னு சொல்லல" என்று ஆரம்பித்தது யார்? எதற்கும் தோளை ஒருமுறை தடவிப் பாருங்கள். கயிறு தட்டுப்பட்டால் நைனார்பாளையம் பக்கம் மட்டும் போகாதீர்கள். பாப்பாத்தியிடம் ஒரு கிடாரி இன்னும் விற்காமல் இருக்கிறதாம்.