பருப்புப் பொடிக்குப் பதில் மல்லிகைச் செடி

சட்டத்துக்குப் பயந்து நான் அவசரமாக நடந்துகொண்டது வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான். அதற்காக என் மனைவி செல்வி இன்னும் என்னை முழுதாக மன்னிக்கவில்லை.

மச்சினன் கல்யாணத்துக்குத் திருச்சிக்குத் தனியாகப் போயிருந்தேன். செல்வி இருபது நாள் கைக்குழந்தையோடு, சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில் மலேசியாவின் பெர்மாஸ் ஜெயாவில், எங்கள் வீட்டில் இருந்தாள். கூடப்பிறந்த தம்பியின் கல்யாணத்தைப் போனில்தான் பார்த்தாள் பாவம். நான் கிளம்பும்போதே சொல்லியிருந்தாள்:

"அம்மா அரைக்கிற பருப்புப் பொடி மட்டும் வாங்கிட்டு வாங்க. வேற ஒன்னும் வேணாம்."

மாமியார் ஒரு கிலோ பொடியைக் கட்டிக் கொடுத்தார். நான் சும்மா இருப்பேனா? மல்லிகைச் செடி ஒன்றையும் மண்ணோடு வாங்கிப் பையில் வைத்தேன். (மனைவியை அசத்தப் போகிறாராம் ஐயா.)

சிங்கப்பூரில் விமானம் இறங்கியதும் என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்யும் நண்பனின் குரல்பதிவு வந்தது. "மச்சான், பொடி கிடி இருந்தா தூக்கிப் போட்டுடு லா. மாட்டுனா போதைப்பொருள்னு உள்ள தள்ளிடுவாங்க!"

பையைத் திறந்து பார்த்தேன். பெயர் எழுதாத பொட்டலம், உள்ளே மஞ்சளாக ஏதோ பொடி. பருப்பு என்றால் யார் நம்புவார்கள்? கண்ணை மூடிக்கொண்டு குப்பைத் தொட்டியில் போட்டேன். செடியை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டேன். செடி யாருக்கு என்ன கெடுதல் செய்யும்?

சிங்கப்பூரில் யாரும் பையைத் திறக்கவில்லை. எல்லைப் பாலம் தாண்டி மலேசியப் பக்கம் ஜொகூர் வந்ததும் சுங்கச் சோதனையில் ஒரு தமிழ்ப் பெண் அதிகாரி திறந்தார்.

"அண்ணே, பெர்மிட் இல்லாம செடி தா போலே லா, கொண்டு வரக் கூடாது. மண்ணு வேற!"

"வீட்டுக்காரிக்கு ஆசையா வாங்கினேன்மா..."

"அலமாக்! ஊர்லேருந்து வர்றவங்க மசாலா, பருப்புப் பொடின்னு ஏதாச்சும் கொஞ்சம் கொண்டு வருவாங்க. அதுக்கு நாங்க ஒன்னும் சொல்றதில்லையே."

செடியை அவரிடமே கொடுத்துவிட்டு நடந்தேன். இன்னும் ஒரு நிமிஷம் நின்றிருந்தால் அங்கேயே அழுதிருப்பேன்.

வீட்டில் செல்வி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டே என் பையைத் துழாவினாள். நடந்ததைச் சொல்லிவிட்டுத் திட்டுக்காகக் காத்திருந்தேன்.

"அம்மா கை ருசி ஒரு வாய் கெடைக்கும்னு இருந்தேன்" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

அந்த நேரம் பார்த்து மாமியாரின் வீடியோ அழைப்பு. "பொடி எப்படிடி இருக்கு?"

செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அமிர்தம், அம்மா! இப்பத்தான் சோத்துல போட்டுச் சாப்பிட்டேன். உப்பு, உறைப்பு எல்லாம் அளவா இருக்கு."

மாமியார் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தார்.

"கல்யாண அவசரத்துல நான் உப்பே போடலையேடி! அதச் சொல்லத்தானே கூப்பிட்டேன்."

செல்வி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பாதியில் அது அழுகையாகிவிட்டது. "உன்னப் பாக்கணும்மா" என்றாள். மாமியாரும் அழுதார். நான் குழந்தையை வாங்கிக்கொண்டு நின்றேன்.

அந்தக் குழந்தைக்கு இப்போது ஒன்பது வயது. செல்வி எதையாவது சாப்பிட்டு "அமிர்தம்" என்றால் போதும். "நெஜமாவே சாப்பிட்டீங்களாம்மா, இல்ல அப்பா குப்பையில போட்டுட்டாரா?" என்று மகள் கேட்பாள். மூவரும் விழுந்து விழுந்து சிரிப்போம். சிரித்து முடித்ததும் செல்வி மட்டும் எழுந்து போய்த் தன் அம்மாவுக்குப் போன் போடுவாள்.